ஒரு வாரப் பயிற்சிக்கு எந்த விசா?

அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். ஆனால் அமெரிக்காவைப் பார்த்ததே இல்லை!

இப்படிப்பட்டவர்கள் மணிலாவில் இருக்கிறார்கள். மதுரையிலும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். அதன் வழியாகவே வேலை வருகிறது, வேலை போகிறது. இவர்கள் கம்பெனியின் சம்பளக்காரர்கள் அல்ல. ஒப்பந்தத்தின் பேரில் வேலை செய்து கொடுப்பவர்கள்.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வருகிறது. "இங்கே வந்து ஒரு வாரம் பயிற்சி பெற்றுப் போங்கள். விமானச் செலவு எங்களுடையது."

வீட்டில் ஒரே மகிழ்ச்சி. புதுப் பெட்டி வாங்குகிறார்கள். சித்தி ஊறுகாய் போட்டுத் தருகிறாள்.

பிறகுதான் சங்கடம்! எந்த விசா கேட்பது?

"பி-1" என்று ஒரு விசா உண்டு. கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பி வராது. குறுகிய காலப் பயிற்சிக்கு இந்த விசாவில் வரலாம் என்று அமெரிக்க சர்க்காரே சொல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து வருமானம் வாங்கக் கூடாது. செலவுப் பணம் மட்டும் வாங்கலாம்.

வெளிநாட்டு முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவருக்கு இது சரி. இவளுக்கு வேறு முதலாளி ஏது? மாதாமாதம் பணம் அனுப்புவதே அந்த அமெரிக்கக் கம்பெனிதானே! பயிற்சி வாரத்துக்கும் பணம் வந்தால் அது வருமானமா, இல்லையா? இரவில் விடுதி அறையில் அரை மணி நேரம் பழைய வேலையைப் பார்த்தால் குற்றமா?

"எச்-3" என்ற பயிற்சி விசா இருக்கிறது. அதற்குக் கம்பெனி முன்கூட்டியே மனுப் போட வேண்டும். அந்தப் பயிற்சி சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் காட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு இத்தனையா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

"ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லி விடு" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். வேண்டவே வேண்டாம். பொய் என்று தெரிந்தால் ஆயுள் முழுவதும் தடை வரலாம். விமான நிலையத்திலேயே வெளியேற்றும் உத்தரவு போட்டால், 5 ஆண்டு நுழைய முடியாது.

அதிகாரிகள் சந்தேகப்படுவதிலும் நியாயம் உண்டு. பி-1 விசாவில் ஆட்களை அனுப்பி வேலை வாங்கியதாக இன்போசிஸ் கம்பெனி மீது குற்றச்சாட்டு வந்தது. கம்பெனி மறுத்தது. ஆனாலும் 2013-ல் 3 கோடியே 40 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக் கொண்டது.

2025 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில், கட்டி முடியாத பாட்டரி தொழிற்சாலை ஒன்றில் 300-க்கு மேற்பட்ட கொரியர்களைப் பிடித்தார்கள். சிலரிடம் பி-1 விசா இருந்தது. உடனே இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து பேசின. இயந்திரம் பொருத்தவும் பழுது பார்க்கவும் பி-1 விசாவில் வரலாம் என்பது அதன் பிறகு தெளிவாயிற்று.

பெரிய கம்பெனிக்காகப் பேச ஒரு நாடே வருகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்காக யார் பேசுவது?

இரண்டு வாரத்துக்கு உட்பட்ட பயிற்சி என்றால், வழக்கமான ஒப்பந்தப் பணம் தடை அல்ல. இப்படி ஒரு வரியைச் சட்டத்தில் சேர்த்தால் போதும்.

அதுவரை கம்பெனியின் வக்கீலிடமிருந்தே ஒரு கடிதம் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை நாள், என்ன பயிற்சி, எந்தப் பணம் யார் கொடுப்பது என்று அதில் இருக்க வேண்டும். பெட்டியைப் பிறகு வாங்கலாம்.