நல்லவனின் முகம் மாறும்போது

கோடை விடுமுறையில் அனிமேஷன் சூப்பர் ஹீரோ படங்களுக்குக் குழந்தைகள் திரண்டு வருவது வழக்கம்தான். இந்த வாரம் என்னை எரிச்சல்படுத்தியது அந்தக் கூட்டமல்ல, பெரியவர்கள் அதற்குச் சொல்லும் நியாயம். ரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை, பொம்மைப் படம்தான். மூன்று வயதுப் பிள்ளையையும் தாராளமாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்கிறார்கள். 2023இல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த எண்கள் பெற்றோருக்குச் சொல்லப்படும் யோசனை மட்டுமே. ஏ சான்றிதழ் படத்துக்குப் போல வாசலில் யாரும் பிள்ளையின் வயதைக் கேட்கப்போவதில்லை. முடிவு முழுக்கப் பெற்றோர் கையில் இருக்கிறது. அந்த முடிவை டிக்கெட் பதிவு செய்கிற அரை நிமிடத்தில், ‘பொம்மைப் படம்’ என்ற ஒரே அளவுகோலை வைத்து எடுக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அந்த அளவுகோல் தப்பு என்பதற்குப் படங்களே சாட்சி. பிராட் பேர்ட் இயக்கிய ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ (2004) படத்தில் ஒரு குகைக் காட்சி வருகிறது. டிவி கார்ட்டூனில் வரும் வில்லன்களைப் போல இவர்கள் விட்டுவிட மாட்டார்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்றுவிடுவார்கள் என்று தாயே தன் இரண்டு பிள்ளைகளிடமும் சொல்கிறாள். பொம்மைப் படம் என்று நாம் அலட்சியமாகச் சொல்வதற்குப் படத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ (2018) ஆஸ்கர் வாங்கிய படம்; அனிமேஷன் கலையையே ஓர் அடி முன்னே நகர்த்திய படம். அதில் யானைப் பிளிறல் போன்ற ஒலியோடு, நகங்கள் மின்ன, சிறுவனைத் துரத்துகிறான் ஒரு முகமூடிக்காரன். முகமூடியைக் கழற்றினால், அது அந்தப் பையன் உயிரையே வைத்திருக்கும் சித்தப்பா. கொஞ்ச நேரத்தில் அவரும் பையனின் கண்ணெதிரே சுடப்பட்டு இறக்கிறார். பன்னிரண்டு வயதுக்கு இது மறக்க முடியாத நாடகம். நான்கு வயதுக்கு இது என்ன?

சான்றிதழ் விஷயத்தைத்தான் இந்த வாரம் முழுக்க எழுதுவதாக இருந்தேன். ஆனால் இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டால் ஜோன் கேன்டரைத் தாண்டிப் போக என்னால் முடியாது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, குழந்தைகளின் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். ‘மம்மி, ஐ’ம் ஸ்கேர்ட்’ என்று 1998இல் அவர் எழுதிய புத்தகம் பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்று முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். 1981இல் அமெரிக்கப் பெற்றோரிடம், உங்கள் பிள்ளையைப் பயமுறுத்திய நிகழ்ச்சி எது என்று கேட்டார்கள். பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளின் பெற்றோரில் சுமார் நாற்பது சதவீதம் பேர் தாமாகவே சொன்ன பெயர் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’. பேய்த் தொடர் அல்ல, கொலைத் தொடர் அல்ல. பலவீனர்களைக் காப்பாற்றும் ஒரு சூப்பர் ஹீரோவின் தொடர். கேன்டரும் கிளென் ஸ்பார்க்ஸும் அந்தத் தொடரின் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் எந்த வயது பயப்படுகிறது என்று கவனித்தார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பயந்தது, நாயகன் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் இடத்தில். அவன் ஹல்க்காக மாறியதும் அவர்களுக்கு நிம்மதி. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாமே தலைகீழ். சாதுவான மனிதரின் உடல் புடைத்து, தோல் பச்சையாகி, அவர் வேறு ஏதோவாக ஆன பிறகுதான் அவர்கள் நடுங்கினார்கள். காப்பாற்ற வந்தவனைப் பார்த்துத்தான் பயம்.

நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு செய்திதான். நான்கு வயதுக் குழந்தை கண்ணால் காண்பதை வைத்தே உலகத்தை அறிகிறது. கோரமாக இருந்தால் கெட்டது, அழகாக இருந்தால் நல்லது. உருவம் மாறினால் ஆளே மாறிவிட்டார். மாறிய உருவத்துக்குள் அதே நல்ல மனிதர்தான் இருக்கிறார் என்ற ஞானம் ஏழெட்டு வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது. சூப்பர் ஹீரோ கதைகளுக்கோ உருமாற்றம்தான் உயிர். முகமூடி, உடல் வீக்கம், கண்ணில் நெருப்பு, நண்பன் எதிரியாவது, எதிரி சொந்தக்காரனாவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே ரத்தம் இருக்கிறதா என்று தேடுகிற பெற்றோர் தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை. பெரியவர்கள் கைதட்டும் இடமே சின்னப் பிள்ளைக்கு உயிர்போகும் இடமாக இருக்கலாம்.

பயந்தால் பக்கத்தில் நாம் இருக்கிறோம், எடுத்துச் சொன்னால் ஆயிற்று என்பார்கள். ‘நிஜமில்லடா கண்ணு’ என்று காதில் சொல்லாத பெற்றோர் உண்டா? கேன்டரும் பார்பரா வில்சனும் இதையும் சோதித்தார்கள். ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் சூனியக்காரிக் காட்சிக்கு முன்பு, இது கற்பனை என்று மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொன்னார்கள். வயதில் பெரிய பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை இருந்தவர்களுக்கு அந்த வார்த்தையால் ஒரு பயனும் இல்லை. அந்த வயதில் பயத்தைப் பேச்சு தணிப்பதில்லை. அணைப்பு தணிக்கும், குடிக்கக் கொடுக்கும் ஒரு வாய் பால் தணிக்கும், அந்த இடத்தைவிட்டு வெளியே தூக்கிக்கொண்டு போவது தணிக்கும்.

இங்கே வாசகர்கள் பலர் நரசிம்மரை நினைப்பீர்கள். தூணைப் பிளந்து வருவதையும் குடலை மாலையாகப் போட்டுக்கொள்வதையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே நாமெல்லாம் என்ற கேள்வி நியாயமானது. 2025இல் ‘மகாவதார் நரசிம்மா’ அனிமேஷன் படமாகத் தமிழிலும் வந்து, குடும்பம் குடும்பமாகக் கூட்டம் போன பிறகு இன்னும் வலுவானது. பாகவதம் சொல்வதைக் கவனியுங்கள். இரணியன் மாண்ட பிறகும் அந்த உருவத்தை நெருங்கத் தேவர்களுக்குத் துணிவு வரவில்லை. திருமகளே தயங்கி நின்றாள். காப்பாற்ற வந்த உருவமே அச்சம் தரும் என்பதைக் கதை ஒளிக்கவில்லை. பிரகலாதன் ஒருவன் அஞ்சாமல் போனதைத்தான் அதிசயமாகச் சொல்கிறது. அடுத்தது, அந்தக் கதை நமக்கு எப்படி வந்தது என்பது. பாட்டி சொன்னால், பேத்தியின் உதடு பிதுங்கும்போதே குடல் மாலை காணாமல் போய்விடும். தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் நடக்கிறது. நரசிம்மர் முகமூடி பூஜையில் வைத்து வணங்கப்படுவது; அதை அணிந்தவர் ஆவேசம் வந்து ஆடும்போது பெரியவர்களே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அது திறந்த தெரு. சுற்றிலும் தெரிந்த முகங்கள், பின்னால் வீட்டுத் திண்ணை. பயந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக யாருடைய காலையும் தாண்ட வேண்டியதில்லை. இருட்டு மண்டபத்தில், வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு இதில் எதுவும் கிடையாது.

நன்மை வெல்லும் என்ற பாடம் மனத்தில் பதியுமே என்பது இன்னொரு வாதம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா கோய்ன் 240 சிறு பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதில் பெரிதும் உதவியது. சூப்பர் ஹீரோக்களில் அதிகம் ஈடுபட்ட பிள்ளைகளிடம் ஓராண்டு கழித்து முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. அடிபடும் பிள்ளைக்குப் பரிந்து நிற்கும் குணம் கூடியிருக்கவில்லை. படம்தான் முரட்டுத்தனத்துக்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தர்மம் தானாக உள்ளே இறங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் இல்லை. இரண்டு மணி நேரச் சண்டைக்குப் பிறகு கடைசியில் சொல்லப்படும் நியாயத்தை முன்கதையோடு கோத்துப் பார்க்கும் திறன் அந்த வயதுக்கு இன்னும் வரவில்லை. ‘அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ (2023) 140 நிமிடம் ஓடி, தொடரும் என்று பாதியில் நிற்கிறது. அதில் கடைசி நியாயம்கூடக் கிடையாது.

தியேட்டர் சத்தத்தைப் பற்றி நான் பேசாத மாதம் இல்லை. இன்றும் பேசுகிறேன், ஏனென்றால் பயத்தில் பாதி காது வழியாக வருகிறது. திரையரங்க ஒலிக்குத் தொழில்நுட்ப உலகம் வைத்திருக்கும் அடிப்படை அளவு 85 டெசிபல். உச்சத்தில் ஒவ்வொரு தடத்திலும் 105 வரை எழ இடமுண்டு. குழந்தை கண்ணைப் பொத்திக்கொண்டால் படம் மறையும். இருக்கையே அதிர வரும் ஒலிக்கு எந்தக் கை போதும்? இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஏஎம்சி திரையரங்குகள் 2007 முதல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகச் சிறப்புக் காட்சிகள் நடத்துகின்றன. விளக்கை முழுதும் அணைப்பதில்லை, ஒலியைக் குறைத்து வைக்கிறார்கள், பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், ஆடலாம், கத்தலாம். விடுமுறை நாட்களின் காலைக் காட்சியை மட்டும் இப்படி நடத்தும்படி நம் ஊர்த் திரையரங்கு உரிமையாளர்களை மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டாம். அதுவரை, ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு போகிறவர்கள் வரிசையின் ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுங்கள். பிள்ளை முகத்தை உங்கள் தோளில் புதைத்துக்கொண்டால், டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் கொடுத்த காசை நினைத்துக்கொண்டு இடைவேளை வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். மீதிப் படத்தை மூன்று வருஷம் கழித்து வீட்டு டிவியில், விளக்கைப் போட்டுக்கொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.