ஊர்க் கொட்டகை

கோயிலும் சந்தையும் சாவடியும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மக்கள் ஒருங்கு கூடும் இடங்களாகப் பண்டுதொட்டு விளங்கின. இருபதாம் நூற்றாண்டில் அவற்றோடு படக்கொட்டகையும் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார்; ஊர்தோறும் கூடாரம் அடித்து, பேசாப் படங்களைக் காட்டினார். 1931 இல் 'காளிதாஸ்' வெளிவந்து, படம் தமிழ் பேசத் தொடங்கியது. காலப்போக்கில் சிற்றூர்களிலும் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன.

அக்கொட்டகையில் சிறுவராய் அமர்ந்து படம் பார்த்தவர் இன்று முதியோர். அவர்களுள் பலர் படத்தின் கதையை மறந்திருப்பர். கொட்டகையின் மணலை மறந்திரார். பகலில் விளம்பரத் தட்டி கட்டிய மாட்டு வண்டி மேள முழக்கத்துடன் தெருத்தெருவாய் வரும். துண்டுத் தாள்களைப் பொறுக்கச் சிறுவர் அதன்பின் ஓடுவர். அந்தி சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் எழும். அதுவே ஊருக்குக் கடிகாரம். வீட்டுப் பெண்டிர் அடுப்பு வேலையை விரைந்து முடித்துப் பிள்ளைகளோடு புறப்படுவர். பெரும்பாலும் கருவி ஒன்றே இருந்தமையால், படச்சுருள் மாற்றும்போதெல்லாம் ஆட்டம் நிற்கும். முறுக்கும் சோடாவும் விலை போகும்.

கொட்டகையில் குறையே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. பீடிப் புகை மூச்சை அடைத்தது. கீற்றுக் கூரையைத் தீ பற்றும் என்னும் அச்சமும் இருந்தது. நாற்காலி, பெஞ்சு, தரை எனக் கட்டணம் மக்களைப் பிரித்தது. பாடம் படிக்க வேண்டிய இரவைப் படத்திற்குப் பறிகொடுத்த மாணவரும் உண்டு.

எனினும், தரையில் அமர்ந்தவர் ஒரு பாடம் கற்றனர். முன்னிருப்பவர் தலை மறைக்கிறதே என்று சிறுவன் ஒருவன் மணலைக் குவித்து, அம்மேட்டின்மேல் அமர்வான். உடனே பின்னிருப்பவர், "தம்பி, எனக்கு மறைக்கிறதே!" என்பார். சிறுவன் நாணி மணலைப் பரப்பிவிட்டு அமர்வான். தான் உயர்ந்தால் பிறர் பார்வை மறையும் என்பதை எந்த நூலும் இத்துணை எளிதாய்க் கற்பித்ததில்லை. அறிமுகமில்லாதவரோடு சேர்ந்து சிரித்தலையும் கண்ணீர் வடித்தலையும் அம்மணல் தரையே பழக்கியது.

இன்று அக்கொட்டகைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நிலையான அரங்குகள் பலவும் திருமண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டன. படம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஒரே வீட்டில் நால்வர் நான்கு படங்களைத் தனித்தனியே காண்கின்றனர். வசதி பெருகியது நன்றே. அதனைப் பழித்தல் வேண்டா. ஆனால், தனியே பார்ப்பவன் பின்னிருப்பவரைப் பற்றி எண்ண வேண்டுவதில்லை. எண்ணாத பழக்கம் வேரூன்றினால், வரிசையிலும் பேருந்திலும் பொது மன்றிலும் அதன் விளைவு தோன்றாமற் போகாது.

கொட்டகை மீண்டும் வரப்போவதில்லை. அதன் பண்பு அழிய வேண்டுவதில்லை. இளைஞர் தம் ஊர் முதியோரிடம் அக்காலச் செய்திகளைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் வீட்டார் அனைவரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றைக் கண்டு மகிழ்தல் வேண்டும். எங்கு அமர்ந்தாலும் பின்னிருப்பவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். மணல் தரை கற்பித்த பாடம் அதுவே.