காதால் பிடிக்கும் பதம்

பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்தால் தடைகள் விலகும் என்பது திருவனந்தபுரத்து நம்பிக்கை. கார்ப்பரேட்டர் ஜெட்டில் அடைத்த தூசிக்கு மட்டும் மெக்கானிக்தான் வேண்டும். அதுவும் நல்ல காதுள்ளவர், குறிப்பாகக் கார் கான்டெஸா என்றால்.

1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த அந்தக் காரை ரசிகர்கள் ‘இந்திய மஸில் கார்’ என்பார்கள். உடம்பு பயில்வான்தான். ஆனால் முதலில் உள்ளே இருந்தது அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின். பிறகு வந்த இசுஸு 1.8 லிட்டர்தான் மானத்தைக் காப்பாற்றியது.

ட்யூனிங்கில் மர்மம் எதுவுமில்லை. எஞ்சினைச் சூடாக்கிவிட்டு மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகினால் எஞ்சின் திணறும். சத்தம் சீராகும்வரை வெளியே திருக வேண்டும். ஏட்டுக் கணக்கு, எடைப்படி 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். ஓட்டிப் பார்த்தபின் பிளக்கைக் கழற்றினால் விடை கிடைக்கும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். இளம் பழுப்பா? டீ குடிக்கப் போகலாம்.

இந்தக் கணக்கைத்தான் எத்தனால் கலைத்துவிட்டது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்று நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் உண்டு. பழைய செட்டிங்கில் கலவை மெலிந்துபோகும். புதிய கார்களில் சென்சாரும் கம்ப்யூட்டரும் ஓரளவு ஈடுகட்டிவிடுகின்றன. கார்ப்பரேட்டருக்கு அந்த வித்தை தெரியாது. மிக்ஸ்சர் ஸ்க்ரூ ஐடிலிங்கை மட்டுமே சரிசெய்யும். ஓட்டத்துக்குச் சற்றுப் பெரிய மெயின் ஜெட் தேவைப்படலாம்.

அதைவிட அவசரம் ரப்பர் குழாய்கள். பழைய ரப்பரை எத்தனால் கெடுக்கும். சூடான எஞ்சின் மீது பெட்ரோல் கசிந்தால் காரே மிஞ்சாது. பொன்முடி ஏறும் முன் குழாய்களை மாற்றிவிடுவது உத்தமம்.