கடலுக்குக் கண் வைத்தால் போதுமா?



வஹகோட்டைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மீன் லொறி ஒரு கிழமை வராவிட்டால் தெரியும்.

2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. ஆழ்கடலில் நம் படகுகளைக் கண்காணிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லாததும் ஒரு காரணம். பிறகு நெடுநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். 2016இல் தடை நீங்கியது. கருவியால் பலன் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் அதிகாரிக்கு அது எல்லை தாண்டுபவரைப் பிடிக்கும் கண். படகுக்காரருக்கோ, தான் மீன் பிடிக்கும் இடம் அடுத்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். அதை அறியாமை என்று சிரிக்க வேண்டாம். பாடசாலையில் கைரேகை இயந்திரம் வைத்தால் ஆசிரியர்கள் நாங்களும் முணுமுணுப்போம்தானே?

ஆளைப் பிடிக்க மட்டும் என்றால், கருவியை எப்படி அணைப்பது என்றுதான் மனம் யோசிக்கும். புயல் வருவதைச் சொல்லி, ஆபத்தில் உதவியும் கொண்டுவந்தால் அவரே அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்.

ஆகவே புதிய கருவி எதுவானாலும், வாங்குவதற்கு முன் கடலுக்குப் போகிறவரோடு மஷூரா செய்யுங்கள். பூட்டிய பிறகு விளக்கம் சொல்வது மஷூரா அல்ல.

உங்கள் கருத்து என்ன?