மூன்றாம் தாளை முதலில் படிப்போம்

பி.காம். முடித்த நம் பிள்ளைகள் பலர் இப்போது 'இ.ஏ.' தேர்வைப் பற்றிக் கேட்கிறார்கள். என்ரோல்டு ஏஜென்ட் என்பதன் சுருக்கம் அது. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். முன்பு வரி செலுத்துவோரின் சார்பில் நின்று பேச அந்நாட்டு அரசு தரும் உரிமம். அமெரிக்கர்களின் வரிக் கணக்குகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் இங்கே ஆள் எடுப்பதால் அதற்கு மவுசு. இந்தியாவில் இருந்தே எழுதலாம். முதல் தாள் தனிநபர் வரி, இரண்டாவது தொழில் வரி, மூன்றாவது பிரதிநிதித்துவம். தாளுக்கு 100 கேள்விகள், மூன்றரை மணி நேரம்.

"மூன்றாம் தாள் சுலபம், கடைசியில் மனப்பாடம் செய்துகொள்ளலாம்" என்ற அறிவுரை மாணவர்களிடையே உலவுகிறது. நாம் இதை ஏற்கவில்லை. நமக்கு முதலில் கைவர வேண்டியது அந்தத் தாள்தான்.

அதில் என்ன இருக்கிறது? வரி செலுத்துபவர் 2848 என்ற படிவத்தில் கையெழுத்திட்டால், அவருக்காகப் பேசும் அதிகாரம் பிரதிநிதிக்கு வருகிறது. நேர்காணலின் நடுவே 'என் பிரதிநிதியைக் கலந்து பேச வேண்டும்' என்று அவர் சொன்னால், சம்மன் அனுப்பி அழைத்த விசாரணை தவிர மற்றவற்றில், அதிகாரி அங்கேயே நிறுத்தியாக வேண்டும். சர்க்குலர் 230 என்ற விதித்தொகுப்பு பிரதிநிதியையும் கட்டுப்படுத்துகிறது. கணக்கில் பிழை கண்டால் அதையும் அதன் விளைவையும் கட்சிக்காரரிடம் உடனே சொல்ல வேண்டும். மனசாட்சிக்கு விரோதமான கட்டணம் வாங்கக் கூடாது.

நம் தெருவில் ஒரு நோட்டீஸ் வந்தால் என்ன நடக்கிறது? சிறு ஒப்பந்தக்காரரும் செருப்புக் கடைக்காரரும் அதைப் படிக்க ஆளின்றி புரோக்கரைத் தேடுகிறார்கள். அவர் கேட்ட தொகையைக் கொடுக்கிறார்கள். என்ன எழுதிக் கொடுத்தார் என்பதுகூடத் தெரிவதில்லை. அலுவலக மேசைக்கு முன் கைகட்டி நிற்பது பணத்தால் மட்டும் வந்த பழக்கமல்ல, சாதி பழக்கியது.

1919இல் அம்பேத்கர் சவுத்பரோ குழு முன் சாட்சியம் அளித்தது பிரதிநிதித்துவத்துக்காக. அவரே 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றியும், 1925இல் மாகாண நிதி பற்றியும் நூல்கள் வெளியிட்டார். பம்பாயில் ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். வரியும் கணக்கும் நமக்கு அந்நியமல்ல. சட்டமன்றத்தில் கேட்ட பிரதிநிதித்துவம் வரி அலுவலக மேசையிலும் வேண்டும்.

"அமெரிக்கப் பணக்காரனின் கணக்கை எழுதுவதா விடுதலை?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வயிற்றுக்கு வேலை வேண்டும், கற்ற திறமை ஊருக்கும் திரும்ப வேண்டும். இ.ஏ. உரிமம் இங்கே செல்லாது. ஆனால் நம் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 116ஆம் பிரிவும் பிரதிநிதி மூலம் அதிகாரி முன் ஆஜராக அனுமதிக்கிறது. வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் மட்டுமல்ல, ஜி.எஸ்.டி. பிராக்டிஷனரும் அங்கே நிற்கலாம். அந்தப் பதிவுக்கு வணிகவியல் பட்டதாரி விண்ணப்பிக்க முடியும்.

இன்னொன்று. இ.ஏ. தேர்வு எழுதப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. யார் வீட்டுப் பிள்ளை, யார் சிபாரிசு என்ற கேள்வி தேர்வறையில் எழாது. ஆனால் தாளுக்கு 250 டாலருக்கு மேல் கட்டணம். மூன்றுக்கும் சேர்த்து 60,000 ரூபாயைத் தாண்டும், பயிற்சிச் செலவு தனி. சாதி கேட்காத கதவிலும் காசுப் பூட்டு தொங்குகிறது. வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கட்டண நிதி தொடங்கினால் அதைத் திறக்கலாம்.

நிதி பெறுவோருக்கு ஒரே நிபந்தனை போதும். வாரம் ஒரு மாலை சேரியில் உட்கார்ந்து, நம் மக்களுக்கு வந்த நோட்டீஸ்களைப் படித்துச் சொல்ல வேண்டும், பதில் எழுத உதவ வேண்டும். மூன்றாம் தாளின் உண்மையான தேர்வு அங்கேதான் நடக்கும்.

ஜெய்பீம்!