குறுக்குவழி என்று யார் சொன்னது?

கல்லூரி வகுப்பில் உட்காராமல் பரீட்சை மட்டும் எழுதிக் கல்லூரிப் பாடத்துக்குரிய கிரெடிட் பெறுவது குறுக்குவழி என்றும், அந்த வழியால் வருகிறவர்களை மருத்துவத்துறையின் பக்கமே அண்டவிடக் கூடாது என்றும் நம்மவர்களில் படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுவோரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு, வைத்தியர்களும் உண்டு. அவர்களுடைய அனுபவத்தில் எனக்கு மதிப்பு இருக்கிறது. இந்தக் கருத்தில் இல்லை.

முதலில் விடயத்தைச் சரியாக விளங்கிக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவில் கொலிஜ் போர்ட் என்ற அமைப்பு 1967இல் இருந்து கிளெப் எனப்படும் பரீட்சைத் திட்டத்தை நடத்தி வருகிறது. இன்று 34 பாடங்கள் அதில் உள்ளன. பெரும்பாலான பரீட்சைகள் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிபவை. புள்ளி 20 முதல் 80 வரை; 50 பெற்றால் கிரெடிட் வழங்கலாம் என்பது அமெரிக்கக் கல்விப் பேரவையின் பரிந்துரை. ஒரு பரீட்சைக்கான கட்டணம் நூறு டொலர் அளவில்தான். வயதெல்லை கிடையாது. சித்தியடையாவிட்டால் மூன்று மாதத்தின் பின் மீண்டும் எழுதலாம். எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய், எத்தனை வருடம் படித்தாய் என்று எவரும் கேட்பதில்லை. தெரியுமா, தெரியாதா என்பது மட்டுமே கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு ஏன் உறுத்துகிறது? நமக்குத் தெரிந்த பரீட்சை வேறு வகையானது. இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளப்பதோடு நிற்பதில்லை. அவருக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கணக்கிடுகிறது. 2001ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள இசட் புள்ளி, தசமத்தின் பின் நான்கு இலக்கங்கள் வரை போகிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. தோற்றக்கூடிய தடவைகள் மூன்று. உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் நன்றாகப் படித்து மூன்றிலும் சித்தியடைந்த பிள்ளை, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால், மருத்துவபீடத்தைப் பொறுத்தவரை அந்தப் படிப்பு முழுவதும் செல்லாக்காசு. பெறுபேறு வெளியாகும் நாட்களில் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். முதலிடம் பெற்றவரின் புகைப்படம் வரும். நான்காவது தசமத்தில் தவறியவரைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வரி வராது.

இந்த வடிகட்டலுக்குள் வளர்ந்த நாம், பரீட்சை என்றாலே ஆட்களை வெளியே நிறுத்துவதற்கு என்று பழகிவிட்டோம். ஒருவரை உள்ளே எடுப்பதற்கும் பரீட்சை பயன்படலாம் என்றால் சந்தேகம் வருகிறது.

சரி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "இது உயிரோடு விளையாடும் தொழில். புத்தகத்தைப் படித்துச் சரியான விடைக்கு அடையாளமிட்டவரை நோயாளியின் கட்டிலருகே விடலாமா?" என்கிறார்கள். விடக் கூடாது, யாரும் விடுவதுமில்லை. அமெரிக்காவில் பதிவுபெற்ற தாதியாக வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட தாதியர் கற்கைநெறியை முடிக்க வேண்டும், வைத்தியசாலைகளில் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி பெற வேண்டும், அதன்பின் என்கிளெக்ஸ் என்ற அனுமதிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். உடற்கூற்றியலுக்கும் உடற்றொழிலியலுக்கும் கிளெப்பில் பரீட்சையே இல்லை. அவற்றை ஆய்வுகூடத்தோடு கல்லூரியில்தான் படிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் பலவும் உயிரியல், இரசாயனவியல் போன்ற முன்தேவைப் பாடங்களுக்குப் பரீட்சைக் கிரெடிட்டை ஏற்பதில்லை. ஆக, இவர்கள் காவல் காக்கும் வாசல் ஏற்கெனவே பூட்டித்தான் இருக்கிறது.

பரீட்சை கிரெடிட் திறந்துவிடுவது வேறு வாசலை. ஒரு தாதியர் பட்டப்படிப்பில் ஆங்கிலக் கட்டுரை, அறிமுக உளவியல், சமூகவியல், மனித வளர்ச்சியும் விருத்தியும், அட்சரகணிதம் போன்ற பொதுப்பாடங்களும் இருக்கின்றன. நோயாளியைத் தொடாத பாடங்கள் இவை. பகலில் வேலை செய்து, பிள்ளைகளை உறங்கவைத்து, இரவில் சமையலறை மேசையில் படிக்கும் ஒரு தாய் இந்தப் பாடங்களைத் தானே கற்றுப் பரீட்சை எழுதினால், எந்த நோயாளிக்கு என்ன கெடுதி? ஊரில் உயர்தரம் படித்து, யுத்தத்தாலோ வறுமையாலோ இடையில் விட்டுவிட்டு, இன்று நியூஜேர்சியில் கடையொன்றில் நின்று வேலை செய்யும் நம் சகோதரிக்கு இருபது வருடத்துக்கு முந்திய அறிவு இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. அதைக் கணக்கில் எடுக்க ஒரு நாடு முன்வரும்போது நாம் நின்று மூக்கைச் சுளிப்பது அழகா?

இதிலே இன்னொரு நன்மையும் உண்டு. அது பணத்தை விடப் பெரிது. மருத்துவத்துறை தனக்குப் பொருந்துமா என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. நமது வீடுகளில் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருமுன்னரே 'டொக்டர்' என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அந்தப் பிள்ளை ஒரு முதியவரின் படுக்கை விரிப்பை மாற்றியதில்லை. ஒரு நோயாளியின் முனகலை இரவு முழுவதும் கேட்டதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி முதியோர் பராமரிப்பு நிலையத்தில் தாதியர் உதவியாளராவதற்குரிய ஆகக் குறைந்த பயிற்சி 75 மணித்தியாலம். பல மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. அந்தப் பயிற்சியைப் பெற்று ஒரு வருடம் வேலை செய்தபடி, மாலையில் பொதுப்பாடங்களுக்குப் பரீட்சை எழுதும் இளைஞன், தன்னைப் பற்றித் தானே அறிந்துகொள்கிறான். தொழில் பிடிக்கவில்லை என்றால் கடனின்றித் திரும்பிவரலாம். பெற்ற கிரெடிட் வேறு பட்டத்துக்கும் உதவும்.

ஆனால் "வீட்டிலிருந்தே ஒரே வருடத்தில் பட்டம்" என்று விளம்பரம் செய்து வழிகாட்டல் கட்டணம் பறிப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு விதி. எந்தப் பாடத்துக்கு, எத்தனை புள்ளிக்கு, எத்தனை கிரெடிட் என்பதைச் சேரவிருக்கும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறாமல் ஒரு பரீட்சைக்கும் பணம் கட்டக் கூடாது. தாதியர் கற்கைநெறியின் விதி, அதே கல்லூரியின் பொது விதியிலிருந்து வேறுபடுவதும் உண்டு. இதைச் சொல்லாமல் பணம் வாங்குபவர் மோசடிக்காரர்.

இனி நமது நாட்டுக்கு வருகிறேன். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் கூட்டமாகக் கப்பலேறாத குறையாக வெளியேறினார்கள். மறுபுறத்தில், உயிரியல் பிரிவில் சித்தியடைந்தும் இடம் கிடைக்காத பிள்ளைகள் ஆண்டுதோறும் வேறு திசைகளுக்குப் போகிறார்கள். இலங்கைக்கு இந்தச் சிந்தனை புதிதும் அல்ல. தேசிய தொழிற்தகைமை முறைமையின் கீழ், பள்ளிக்கூடம் போகாமல் வேலைத்தலத்தில் கற்ற மேசனும் வெல்டரும் தம் திறமையை மதிப்பீடு செய்வித்துச் சான்றிதழ் பெறலாம். மேசனின் கைக்கு அரசு கொடுக்கும் இந்த மரியாதையை, இரசாயனவியல் தெரிந்த இருபது வயதுப் பெண்ணின் மூளைக்குக் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் தாதியருக்குப் பட்டக் கற்கைநெறி நடத்துகிறது. சுயமாகக் கற்ற பொதுப்பாடங்களைப் பரீட்சையால் அங்கீகரிக்கும் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம். புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு சுற்றுநிருபமும் ஒழுங்கான வினாத்தாள்களும் போதும்.

நோயாளியின் கட்டிலருகே பயிற்சியில் ஓர் இம்மியும் குறைக்க வேண்டாம். அங்கே எவ்வளவு கண்டிப்பும் காட்டுங்கள், நான் உங்கள் பக்கம். ஆனால் அந்தக் கட்டிலுக்குப் போகும் பாதையில் தேவையில்லாமல் நட்டுவைத்த வேலிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதற்குத் தரம் என்று பெயர் வைக்காதீர்கள்.