எண்ணெய் குடிக்காத பூரி



விடுமுறை நாள் காலையில் பிள்ளைகள் பூரி வேண்டுமென்று கேட்டால் மறுக்க நமக்கு மனம் வருவதில்லை. எதிர்பாராமல் விருந்தினர் வந்துவிட்டாலும், கொத்துக்கறியோடு பரிமாற முதலில் நினைவுக்கு வருவது பூரிதான். ஆயினும் பூரி சுடும் நாளில் பல இல்லங்களில் மூன்று குறைகள் எழுகின்றன. பூரி உப்பவில்லை, கையில் எடுத்தால் எண்ணெய் வடிகிறது, உண்டபின் நெஞ்சைக் கரிக்கிறது. இம்மூன்றுக்கும் மாவின்மீதே பழியைப் போடுகிறோம். மாவுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பெரும்பங்கு எண்ணெயை நாம் கையாளும் முறையில் இருக்கிறது. பூரி சுடக் கற்பதென்பது எண்ணெயை ஆளக் கற்பதேயாகும்.

முதலில் மாவைப் பார்ப்போம்

கோதுமை மாவு 500 கிராம், ரவை 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, எண்ணெய் 2 தேக்கரண்டி, தண்ணீர் ஏறத்தாழ 250 மில்லி லிட்டர். இந்த அளவில் சிறிய பூரிகள் 22 முதல் 24 வரை கிடைக்கும். பொரிப்பதற்கு அரை லிட்டர் எண்ணெய் போதும்.

மாவு, ரவை, உப்பு மூன்றையும் கலந்து, எண்ணெயை விட்டு விரல்களால் பிசறிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசையுங்கள். எல்லா மாவும் ஒரே அளவு நீரை ஏற்பதில்லை. ஆகவே முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றிவிட வேண்டாம். சப்பாத்திக்கு மாவு நெகிழ்ந்திருக்கலாம். பூரிக்கு அது கெட்டியாகவே இருக்க வேண்டும். நீர் மிகுந்த மாவு பொரியும்போது நிறைய ஆவியை வெளியேற்றும். ஆவி வெளியேறிய இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்ளும். எண்ணெய் வடியும் பூரிக்கு இது முதற்காரணம்.

பிசைந்த மாவை மூடி 15 அல்லது 20 நிமிடம் வைத்தால் போதுமானது. மணிக்கணக்கில் வைத்தால் மாவு தளர்ந்துவிடும். பூரி மொறுமொறுப்பாக வரும் என்றெண்ணிச் சிலர் வனஸ்பதி சேர்ப்பதுண்டு. அது தேவையில்லை, ரவையே அந்த வேலையைச் செய்துவிடும்.

எலுமிச்சம்பழ அளவில் உருண்டைகள் பிடித்து, ஓரமும் நடுவும் ஒரே கனமாக இருக்கும்படி தேய்த்துக்கொள்ளுங்கள். மிக மெல்லியதாகத் தேய்த்தால் அப்பளம்போல் விறைத்துவிடும். தடிப்பாகத் தேய்த்தால் உள்ளே வேகாது. பலகையில் உலர்ந்த மாவைத் தூவ வேண்டாம். அந்த மாவுதான் எண்ணெயின் அடியில் தங்கிக் கருகி, பின்னர் வரும் பூரிகளில் கரும்புள்ளிகளாக ஒட்டுகிறது. எண்ணெயையும் விரைவில் கெடுக்கிறது. மாவுக்குப் பதிலாகப் பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

பூரி ஏன் உப்புகிறது?

மாவிலுள்ள நீர் 100 டிகிரி வெப்பத்தில் ஆவியாகிறது. ஆவியான நீருக்கு முன்னிருந்ததைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் வேண்டும். நன்கு காய்ந்த எண்ணெயில் பூரியை இட்டதும் அதன் மேல்தோல் இறுகிவிடுகிறது. உள்ளே பிறந்த ஆவி, வெளியேற வழியின்றித் தோலை இரு பக்கமும் தள்ளுகிறது. பூரி பந்தாக எழும்புகிறது. எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் தோல் இறுகுவதற்குள் ஆவி மெல்லக் கசிந்து போய்விடும். பூரியும் தட்டையாகவே நெடுநேரம் எண்ணெயில் கிடக்கும்.

இதற்குத் தேவையான சூடு 180 முதல் 190 டிகிரி வரை. வீட்டில் அதை அறிய எளிய வழி உண்டு. மிளகளவு மாவைக் கிள்ளி எண்ணெயில் போடுங்கள். அடியில் சென்றதும் உடனே மேலெழுந்து சலசலத்தால் பக்குவம் சரி. அடியிலேயே தங்கினால் இன்னும் காயவேண்டும். எண்ணெய் புகைந்தால் சூடு மீறிவிட்டது. அடுப்பைத் தணித்துச் சற்றுப் பொறுங்கள்.

பூரியை உங்கள் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாக, விளிம்பு முதலில் படும்படி சாய்த்து இடுங்கள். அப்போது எண்ணெய் உங்கள்மீது தெறிக்காது. சாரணியால் மெல்ல அழுத்தியும், மேலே சூடான எண்ணெயைத் தள்ளியும் விட்டால் சில விநாடிகளில் உப்பிவிடும். திருப்பிப் போட்டுப் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே போதும். ஒன்றை எடுத்த பின்னரே மற்றொன்றை இடுங்கள். இரண்டு மூன்றை ஒருசேர இட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பூரி அடுப்பின்மீது இருக்கும்போது குடிக்கும் எண்ணெயைவிட, வெளியே எடுத்தபின் குடிக்கும் எண்ணெயே அதிகம். ஆறத் தொடங்கியதும் உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேற்பரப்பில் ஒட்டியுள்ள எண்ணெயை உள்ளே இழுக்கிறது. எனவே பூரியை எடுத்தவுடன் வாணலியின் விளிம்பில் சாய்த்துச் சில விநாடி வடியவிடுங்கள். பிறகு வடிதட்டில் நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். செய்தித்தாளின்மீது பரப்பும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். அச்சு மையில் உடலுக்கு ஒவ்வாத இரசாயனங்கள் உள்ளன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே 2016 டிசம்பரில் இதுபற்றி எச்சரித்திருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

பொரிக்கும் முன் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். பொரித்து ஆறியபின் மறுபடியும் அளந்து பாருங்கள். குறைந்திருக்கும் எண்ணெய் முழுவதும் ஏறத்தாழ உங்கள் வீட்டார் வயிற்றுக்குள் சென்றதே. 24 பூரிக்கு 120 மில்லி லிட்டர் குறைந்தால், பூரி ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்று பொருள். அதிலிருந்து மட்டும் ஏறத்தாழ 40 கலோரி சேர்கிறது. 240 மில்லி லிட்டர் குறைந்தால் அது இரு மடங்காகிறது. அடுத்தடுத்த முறைகளிலும் இவ்வாறே அளந்து வந்தால், கைப்பக்குவம் தேறுகிறதா என்பதை எண்ணெயே சொல்லிவிடும். வீட்டில் நீரிழிவோ இதய நோயோ உள்ள பெரியவர் இருந்தால் இக்கணக்கு இன்னும் அவசியமாகிறது.

மீந்த எண்ணெயை என்ன செய்வது?

நம்மில் பலர் தடுமாறும் இடம் இதுவே. மீந்த எண்ணெயைக் கொட்ட மனமில்லாமல் எடுத்து வைக்கிறோம். மறுநாள் அதில் வடை, அதற்கு மறுநாள் சமோசா, நடுவில் குறைந்த அளவுக்குப் புதிய எண்ணெய். நோன்புக் காலத்தில் ஒரே வாணலி எண்ணெய் இவ்வாறு பல நாள்கள் ஓடுவதுண்டு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் சிதைந்து, உடலுக்குத் தீங்கான பொருள்களாக மாறுகிறது. அவ்வாறு சிதைந்த பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி, 2018 ஜூலை 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. பழைய எண்ணெயோடு புதியதைச் சேர்ப்பதால் பழையது நல்லதாகிவிடாது. புதியதுதான் விரைவில் கெடும்.

விழுக்காட்டை வீட்டில் அளக்க இயலாது. ஆனால் கண்ணும் மூக்கும் உண்டு. எண்ணெய் கறுத்தால், பிசுபிசுத்தால், நுரைத்தால், வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தால், காறல் வாடை வீசினால் அது உணவுக்கு உதவாது.

சிக்கனத்துக்கான வழி தொடக்கத்திலேயே இருக்கிறது. அகன்ற வாணலியை விட்டுச் சிறிய, குழிந்த வாணலியில் அரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். மீந்ததை ஆறவைத்துத் துணியில் வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் குழம்புக்கும் தாளிதத்துக்கும் செலவிட்டுவிடுங்கள். மீண்டும் பொரிக்க வைக்காதீர்கள். கெட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். புட்டியில் அடைத்து அப்புறப்படுத்துங்கள். பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தை மேற்சொன்ன ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் ஊரில் அவ்வாறு பெற்றுக்கொள்வோர் இருந்தால் அவர்களிடம் கொடுக்கலாம்.

பாதுகாப்பு

பொரிக்கும்போது முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பூரி உப்புவதைப் பார்க்கக் குழந்தைகள் ஓடி வருவார்கள். அவர்களை எட்ட நிறுத்துங்கள். எண்ணெயில் தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ சிதறிவிடும். அடுப்பை அணைத்து வாணலியை உலோக மூடியால் மூடிவிடுங்கள். உடலில் சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையோ மையோ மஞ்சளோ பூச வேண்டாம். கொப்புளம் பெரிதாக எழுந்தாலும், சுட்டது குழந்தையாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

சகோதரிகளே! பூரியை வேண்டாமென்று ஒதுக்கத் தேவையில்லை. கெட்டியான மாவு, நன்கு காய்ந்த எண்ணெய், அன்றன்று ஊற்றிய புதிய எண்ணெய் என்ற மூன்றையும் கடைப்பிடித்தால், பிள்ளைகள் விரும்பி உண்பதை நாமும் அச்சமின்றிப் பரிமாறலாம். வரும் விடுமுறை நாளில் அளந்து ஊற்றிச் செய்து பாருங்கள்.